வாடிக் கருவாடு: ஒரு பெயரும் அதன் ஒற்றும்

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவைப் பார்த்தபடி இருக்கும் ஒரு மீனவக் கிராமத்தில் 12 பெண்கள் சேர்ந்து கருவாடு போட்டு விற்கிறார்கள். நெத்திலி, காரல், சாளை, சீலா, திருக்கை என்று வலையில் வருவதைப் பொறுத்துச் சரக்கு மாறும். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை அந்தச் சரக்குக்குப் பெயர் கிடையாது. சாக்கில் கட்டி வியாபாரியிடம் போடுவார்கள். அவர் சொன்னதுதான் விலை. மதுரையில் ஒரு கடையில் அது தொங்கும்போது யார் கையால் காய்ந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது.

அந்தக் குழு மணலில் காயப்போடுவதை விட்டுவிட்டுப் பரண் கட்டி, அதன்மேல் வலை விரித்துக் காயப்போட ஆரம்பித்தது. மணல் ஒட்டாது, நாய் கோழி மிதிக்காது, அடியிலும் காற்றுப் போவதால் சீக்கிரம் காயும். ஆனால் வேலையும் செலவும் கூடின. வியாபாரி கொடுத்ததோ பழைய விலைதான். மணலில் காய்ந்ததும் பரணில் காய்ந்ததும் சாக்குக்குள் போனபிறகு ஒன்றுதானே என்றார். அப்போதுதான் கால் கிலோ, அரைக் கிலோ பொட்டலமாக நாமே விற்கலாம் என்ற பேச்சு வந்தது. பொட்டலம் என்றால் பெயர் வேண்டும்.

நான் ராமநாதபுரத்துக்காரன். சென்னையில் பல வருடம் விளம்பர வாசகம் எழுதிவிட்டு ஊர் திரும்பியவன். தெரிந்தவர் மூலம் என்னிடம் வந்தார்கள். ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்த வேலை ஐந்து மாதம் பிடித்தது. ஒரு பெயர் எந்தெந்த வாய்களைக் கடந்து வர வேண்டியிருக்கிறது என்று அந்த ஐந்து மாதத்தில் பார்த்தேன். பெயர் தேடும் வேறு குழுக்களுக்கும் உதவலாம் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கருவாடு என்று போடலாமா

முதல் சண்டை பிராண்டுப் பெயரைப் பற்றி வரவில்லை. ‘கருவாடு’ என்ற சொல்லைப் பற்றி வந்தது.

மதுரையில் ஒரு பெரிய மளிகைக் கடைக்காரர் மாதிரிப் பொட்டலத்தைப் பார்த்தார். சரக்கு பிடித்திருந்தது. “கருவாடுன்னு கொட்டை எழுத்துல போடாதீங்க, உலர் மீன்னு போடுங்க, ஏசி கடைல வைக்க நல்லாருக்கும்” என்றார். எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த கூட்டத்தில் ‘உலர் மீன்’ என்று எழுதிக் காட்டினேன்.

குழுவில் மூத்தவர், அறுபது வயதைத் தாண்டிய அக்கா, அந்தத் தாளைக் கையில் வாங்கிப் படித்தார். “தம்பி, கறந்த பால் மடி ஏறாது, கருவாடு மீன் ஆகாதுன்னு பழமொழியே இருக்கு. நீங்க பேர வச்சு மீனாக்கப் பாக்குறீங்க” என்றார்.

வீட்டுக்கு வந்தும் அந்தப் பேச்சு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ‘உலர்’ என்ற சொல் நம் பேச்சில் எங்கே வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். துணி காயும், மிளகாய் காயும், நெல் காயும், தொண்டையும் காயும். வாயால் பேசும்போது எதுவும் உலர்வதில்லை. அது அறிக்கையிலும் பெயர்ப்பலகையிலும் பாடப்புத்தகத்திலும் வாழும் சொல். ‘உலர் மீன்’ என்று படித்தால் தட்டில் அட்டை வைத்துக் கட்டிய ஒரு கோப்புதான் நினைவுக்கு வருகிறது. ‘கருவாடு’ என்று படித்தால் வேறு நடக்கிறது. மழை நாள், கத்தரிக்காய் போட்ட குழம்பு, பழைய சோறு, சுட்ட நெத்திலி எல்லாம் அந்த ஒரு சொல்லோடு சேர்ந்து வந்துவிடும். கருவாடு சாப்பிடுகிறவர் கடையில் கருவாடு என்றுதான் கேட்பார். சாப்பிடாதவர் உலர் மீன் என்று எழுதினாலும் வாங்கப்போவதில்லை. அப்படியென்றால் அந்த மாற்றம் யாருக்காக?

கூட்டத்தில் இளையவர் ஒருத்தி அதற்குப் பதில் வைத்திருந்தாள். அவள் அண்ணன் சென்னையில் வாடகைக்கு வீடு தேடியபோது, கருவாடு வறுக்கக்கூடாது என்பதை முதல் நிபந்தனையாகச் சொன்னார்களாம். ஊரிலிருந்து பொட்டலம் போனால், வெளியே எழுதாமல் அனுப்பு என்று சொல்வானாம். ஆக அந்தச் சொல்லில் வாசம் மட்டும் இல்லை, கூச்சமும் ஒட்டியிருக்கிறது. யாரோ நம்மேல் ஒட்டிய கூச்சம் அது. நாமே பொட்டலத்தில் அந்தச் சொல்லை மறைத்தால், அவர்கள் சொன்னது சரி என்று நாமே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும் என்று அவள் சொன்னாள். எனக்கு அதற்குமேல் வாதாட ஒன்றும் இல்லை.

கடைசியில் இப்படி முடிவானது. பொட்டலத்தின்மேல் ‘கருவாடு’ பெரிய எழுத்தில் இருக்கும். கூரியரில் அனுப்பும் வெளி உறையில் ‘உணவுப் பொருள்’ என்று மட்டும் இருக்கும், ஏனென்றால் வாடகை வீட்டில் இருக்கிறவருக்கு நம்மால் தொந்தரவு வரக்கூடாது. இந்த இரண்டாவது பகுதி குழுவில் சிலருக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை.

விழுந்த பெயர்கள்

அப்புறம் பிராண்டுப் பெயர். நான் கொண்டுபோனவை எல்லாம் விழுந்தன. எப்படி விழுந்தன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஊர்ப் பெயர்தான் முதலில் எல்லோருக்கும் தோன்றியது. ராமேஸ்வரம் என்றால் இந்தியா முழுக்கத் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது தீர்த்தமும் கோயிலும். தீர்த்தமாடப் போகும் ஊரின் பெயரைக் கருவாட்டுப் பொட்டலத்தில் பார்த்தால் சிலருக்குச் சங்கடமாக இருக்கும் என்று குழுவிலேயே சொன்னார்கள். மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய குறியைப் பதிவு செய்ய முடியாது என்று 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 9ஆம் பிரிவிலும் இருக்கிறது. ‘சேது’வும் இதே காரணத்தால் போனது. சேதுபதி மன்னர்கள் ஆண்ட சீமையில் அந்தச் சொல்லை வைத்துக் கடைகளும் நிறுவனங்களும் ஏற்கெனவே ஏராளம்.

சரி, ‘ராமநாதபுரம் கருவாடு’ என்று வைக்கலாமே என்றால், அதே பிரிவு இன்னொரு இடத்தில் இடிக்கிறது. பொருளின் வகையையும் அது விளையும் இடத்தையும் மட்டுமே சொல்லும் குறியை ஒருவர் தனக்கென்று சொந்தம் கொண்டாட முடியாது. நியாயம்தான். ஒரு குழுவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் பக்கத்து ஊர்ப் பெண்கள் எதைப் போட்டு விற்பார்கள்? ஊர்ப் பெயருக்கு வேறு வழி உண்டு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயர் ஒரு கடையின் சொத்து இல்லை, இந்தப் பக்கத்தில் அதை விளைவிக்கும் எல்லோருக்கும் பொது. கருவாட்டுக்கும் அப்படி ஒன்று வந்தால் நல்லது, ஆனால் அது 12 பேர் ஒரு கூட்டத்தில் முடிவு செய்யும் காரியம் இல்லை.

அடுத்து என் ஆசைப் பெயர்: ‘உணக்கல்’. நற்றிணையின் 45ஆம் பாடலில் சுறாவை அறுத்துக் காயப்போட்டு, கொத்த வரும் பறவைகளை ஓட்டும் பரதவர் மகள் வருகிறாள். காயும் மீனுக்கு அங்கே உள்ள சொல் உணக்கல். தேருடைய செல்வன் ஒருவனின் மகனிடம், எங்கள்மேல் புலால் நாறும், தள்ளி நில், எங்கள் கூட்டத்திலும் பெருமையுள்ளவர்கள் உண்டு என்று தோழி சொல்லும் பாடல் அது. வாடகை வீட்டுக் கூச்சத்துக்கு இவ்வளவு பழைய பதில் நம்மிடமே இருக்கிறது என்று நெகிழ்ந்துபோய் அதைக் கொண்டுபோனேன். மலையாளத்தில் இன்றைக்கும் ‘உணக்கமீன்’ என்றுதான் சொல்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

பாட்டின் கதை எல்லோருக்கும் பிடித்தது. பெயரைச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். ஒருவர் சொன்னதும் இன்னொருவர் கேட்டார்: “உனக்கல்லவா? யாருக்கு அல்ல?” ணகரமும் னகரமும் ஏட்டில் வேறு வேறு. போனில் பேசும்போது அந்த வித்தியாசம் காதுக்கு எட்டாது. “உனக்கல்லன்னு பேர் வச்சா எவ வாங்குவா தம்பி?” என்றார் மூத்த அக்கா. ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கும் மேலான சொல் ஒரு நிமிடத்தில் கீழே விழுந்தது. எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் அவர்கள் காதில் விழுந்ததுதான் வாங்குகிறவர் காதிலும் விழும்.

‘நெய்தல்’ அதைவிட வேகமாக விழுந்தது. படித்தவர்களுக்குக் கடலும் கடல் சார்ந்த நிலமும். குழுவில் ஒருவருக்கோ தறி. பரமக்குடி பக்கத்தில் பாதி வீட்டில் நெசவு, அங்கே நெய்தல் என்றால் சேலை நெய்வதுதானே என்றார். அவர் கேட்டது முழுக்கச் சரி.

‘வாடை’, ‘கச்சான்’ என்று காற்றுப் பெயர்கள் அடுத்து வந்தன. இவை அவர்களே சொன்னவை. வாடைக் காற்று வடக்கிலிருந்து வருவது. ஆனால் வாடை என்றால் நாற்றமும்தான், கருவாட்டுக்கு அந்தப் பெயர் வைத்தால் வேறு எதிரி வேண்டாம். கச்சான் தென்மேற்கிலிருந்து வரும் காற்று. ‘கச்சான் கருவாடு’ என்று சொன்னால் மோனையோடு நாக்கில் நிற்கிறது. மீன் காயவும் ஏற்ற பருவம். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், எழுத்துக்கூட வரைந்தாயிற்று. அந்த நேரத்தில் இலங்கையில் உறவுள்ள ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார், அங்கே கச்சான் என்றால் வேர்க்கடலை. உண்மை. யாழ்ப்பாணத்தில் ‘கச்சான் தாங்கோ’ என்றால் கடலைதான் கிடைக்கும். கருவாட்டை ஆசையாக வாங்குகிறவர்களில் வெளிநாட்டில் இருக்கும் இலங்கைத் தமிழர்களும் உண்டு. கடலை என்று நினைத்துப் பிரித்துக் கருவாட்டைப் பார்க்கும் ஒருவரை நினைத்துப் பார்த்தோம். கச்சானும் போனது. பாக் நீரிணையின் இரு கரையிலும் ஒரே மொழி என்று சொல்கிறோம், ஒரு சொல் கடலைக் கடக்கும்போதே பொருள் மாறிவிடுகிறது.

பாசிக்குப் பெயர் வைத்தவர்கள்

இந்த இடத்தில் வேலை நின்றுபோனது. பெயர் வைப்பது என் வேலை, சரி பார்ப்பது அவர்கள் வேலை என்று நான் பிரித்து வைத்திருந்ததுதான் தவறு என்று எனக்குப் புரிந்தது ஒரு வேறு பேச்சில்.

குழுவில் இரண்டு பேர் முன்பு பாசி எடுக்கப் போனவர்கள். கண்ணாடி மாட்டி, காலில் தகடு கட்டி, கடலுக்குள் மூழ்கிப் பாசி பறிக்கும் வேலை. பேச்சு அதன்மேல் போனது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, பக்கோடாப் பாசி, கட்டக்கோரை என்று வரிசையாகச் சொன்னார்கள். ஒவ்வொன்றும் பார்த்த கண்ணும் தொட்ட கையும் வைத்த பெயர். பக்கோடாப் பாசியைக் கையில் எடுத்தால் ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அப்புறம் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் பாசி ஒன்று. பெப்சி நிறுவனம் மண்டபம் பக்கத்தில் அதன் வளர்ப்பைத் தொடங்கி வைத்ததால் கடற்கரை முழுக்க அதற்கு ‘பெப்சி’ என்றே பெயர் ஆகிவிட்டது. அதன் அறிவியல் பெயர் கப்பாஃபைகஸ். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கரையில் நின்று கத்த முடியுமா? பெப்சி கட்டப் போறேன், பெப்சி அறுக்கப் போறேன் என்று வேலையோடு பெயர் போய்விட்டது. உலகம் முழுக்க விளம்பரத்துக்குக் கொட்டிக் காப்பாற்றும் ஒரு பெயரை, ஒரு பைசா செலவில்லாமல் கடலில் வளரும் செடிக்கு இவர்கள் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு பெயர் வைத்தவர்களுக்கு நான் பெயர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் தாள் எதுவும் எடுத்துப் போகவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை பரண் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டேன்.

வாடி

ஒரு நாளில் அதிகம் காதில் விழுந்த சொல் ‘வாடி’. வாடியில் மீன் வந்திருக்கு. வாடிக்குப் போய்ட்டு வாறேன். மேல வாடில உப்பு இருக்கா பாரு. எங்கள் கடற்கரையில் வாடி என்றால் மீன் இறக்கி, தரம் பிரித்து, உப்புப் போட்டு, காயவைத்து, ஏலம் விடும் கொட்டகையும் அதைச் சுற்றிய இடமும். பாம்பனில் தெற்குவாடி என்று ஒரு பகுதியே இருக்கிறது. விறகுவாடி, மரவாடி என்று உள்நாட்டிலும் இந்தச் சொல் உண்டு. ஜல்லிக்கட்டு தெரிந்தவருக்கு வாடிவாசல் தெரியும்.

கருவாடு வாங்க வந்த ஒரு சில்லறை வியாபாரி, “இது எந்த வாடி சரக்கு?” என்று கேட்டார். மூத்த அக்கா பதில் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அங்கே இருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது விளங்கியது. ‘எந்த வாடி’ என்ற கேள்விதான் சாக்குக்குள் போனபிறகு தொலைந்துபோகும் கேள்வி. அதற்குப் பதிலே பெயராக இருந்தால்?

சொல்லிப் பார்த்தோம். வாடிக் கருவாடு. முன்னால் ‘வாடி’, பின்னால் ‘வாடு’, நடுவில் இரண்டு குறில். வாய் தானாகத் திரும்பச் சொல்கிறது. வாடுதல் என்றால் ஈரம் வற்றிச் சுருங்குதல், அதுவும் பொருளோடு பொருந்துகிறது. ‘வாடிக்கை’யும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. நான் பல வருடம் தேடித் தேடிச் செய்த வேலையை இந்தச் சொல் தன்னாலே செய்துகொண்டிருந்தது.

ஒரு சிக்கல் எல்லோருக்கும் உடனே தெரிந்தது. ‘வாடி’ என்று ஒரு பெண்ணைக் கூப்பிடவும் செய்யலாம். தோழி கூப்பிட்டால் பிரியம், தெருவில் போகிறவன் கூப்பிட்டால் அவமரியாதை. பெண்கள் செய்யும் பொருளில் அந்தச் சொல் வருவது சரியா என்று நீண்ட நேரம் பேசினார்கள். ‘கடல்வாடி’ என்று வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கடல்வாடி என்று இங்கே யாரும் சொல்வதில்லை, அது சமைத்த சொல் என்று இன்னொருவர் மறுத்தார்.

தீர்வு இலக்கணத்தில் இருந்தது. வாடியில் காய்ந்த கருவாடு என்பது சுருங்கி வரும்போது நடுவில் வல்லினம் மிகும்: வாடிக் கருவாடு. கோழிக்கறி, பள்ளிக்கூடம் மாதிரி. ஒருத்தியைக் கூப்பிடும் ‘வாடி’க்குப் பிறகு மிகாது. ‘க்’ இருந்தால் கொட்டகை, ‘க்’ இல்லையென்றால் கூப்பாடு. பேச்சிலும் அப்படித்தான், அந்த அழுத்தம் இரண்டு சொல்லையும் ஒட்டிவிடுகிறது, கூப்பிடும்போது நடுவில் ஒரு சிறு நிறுத்தம் விழுகிறது. ஒற்று மிகும் மிகாது என்று பள்ளியில் படித்தபோது அதனால் யாருக்கு என்ன பயன் என்று நினைத்தவன் நான். இங்கே 12 பேருடைய மரியாதை அந்த ஒரு புள்ளியில் நின்றது.

போன் சோதனையும் செய்தோம். சென்னை, கோவை, மதுரையில் இருக்கும் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, பெயரை ஒருமுறை மட்டும் சொல்லி, எழுதி அனுப்பச் சொன்னோம். பெரும்பாலானோர் ‘வாடிக்கருவாடு’ என்று சேர்த்தோ பிரித்தோ ஒற்றோடு எழுதினார்கள். உணக்கலுக்கு இதே சோதனை வைத்தபோது வந்த எழுத்துகளை இங்கே எழுத மனமில்லை.

ஆங்கில எழுத்தில் எழுதுவது தனித் தலைவலி. இந்திய உணவு லேபிளில் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ கட்டாயம் இருக்க வேண்டும். தமிழ் கூடுதலாக இருக்கலாம், தமிழ் மட்டும் போதாது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த 12 பெண்கள் செய்து, தமிழ் மட்டுமே படிக்கும் பலர் வாங்கும் பொருளில்கூட இதுதான் விதி. எனக்கு இது சரியாகப் படவில்லை. ‘வாடி’யைச் சும்மா ஆங்கிலத்தில் எழுதினால் கீழக்கரைப் பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் அரபியின் ‘வாதி’ என்று, அதாவது பள்ளத்தாக்கு என்று, படித்தார்கள். அதனால் நெடிலுக்கு ‘a’ எழுத்தை இரண்டு தரம் போட்டோம்.

புள்ளி விழுந்த கதை

சிவகாசியில் அச்சடித்த முதல் லேபிள் கட்டு வந்தது. பிரித்ததும் மூத்த அக்கா விரலை வைத்து எழுத்துக்கூட்டினார். வா, டி, க, ரு, வா, டு. விரல் திரும்பி ‘டி’க்குப் போனது. நடுவில் ஒன்றும் இல்லை. ‘வாடி கருவாடு’.

நான் அனுப்பிய கோப்பில் ‘க்’ இருந்தது. அச்சகத்தில் வடிவமைத்தவர் இரண்டு வரியாகப் பிரித்தபோது, முதல் வரியின் கடைசியில் தனியாக நின்ற ‘க்’ தவறி வந்தது என்று நினைத்து எடுத்துவிட்டார். கேட்டபோது, “பாக்க நல்லா இல்ல சார், ஒரு எழுத்துதானே” என்றார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, பாதிக் கடைப் பலகைகளில் இன்று ஒற்றே இல்லை, கண் பழகிவிட்டது. ஆனால் அந்த லேபிளோடு சரக்கு ஒன்றுகூட வெளியே போகக்கூடாது என்று குழு ஒருமனதாகச் சொன்னது. பணம் போட்டவர்கள் அவர்கள், நட்டம் அவர்களுக்குத்தான், இருந்தும் யாரும் இரண்டாவது யோசனை செய்யவில்லை. மறுபடி அச்சடிக்கும்போது பெயரை ஒரே வரியாக மாற்றினோம், வரி உடைந்தால்தானே ஒற்று அனாதையாக நிற்கும்.

மீனுக்கு எந்த ஊர்ப் பெயர்

பிராண்டுப் பெயர் முடிந்த பிறகு மீன் பெயரில் மாட்டினோம். நான் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை.

சென்னையில் ஒருவர் சீலாக் கருவாட்டின் விலையைக் கேட்டுவிட்டு, சீலாவுக்கு இவ்வளவா என்று கோபப்பட்டார். எங்கள் பக்கம் சீலா என்றால் சென்னைக்காரர் வஞ்சிரம் என்று வாங்கும் மீன். நெய்மீன் என்பதும் அதுதான். சென்னையில் சீலா என்பது நீளமான, கூர்வாய் மீன். எங்கள் பக்கம் அது ஊளி, விலையும் குறைவு. அவர் கோபத்தில் தவறே இல்லை. ஒரே சொல், இரண்டு கடற்கரை, இரண்டு மீன்.

காரல் இன்னும் சிக்கல். வெள்ளிக்காசு மாதிரி மினுங்கும் சின்ன மீன். சென்னையில் காரப்பொடி. காரப்பொடி என்று போட்டால் மதுரைக்காரர் மசாலா என்று நினைக்கிறார். காரல் என்றே போட்டால், எண்ணெய் கெட்டு காறல் அடிக்கிறதே, அந்தக் காறல் அவர் நினைவுக்கு வருகிறது. ரகர றகரம் எழுத்தில் காப்பாற்றும், காதில் காப்பாற்றாது. சாளைக்கு மத்தி, கணவாய்க்குக் கடம்பா என்று இந்தப் பட்டியல் நீளும்.

கரையின் பெயரைப் பெரிதாகவும், அதன் கீழே வேறு ஊர்களில் வழங்கும் பெயரைச் சின்னதாகவும் போடுவது என்று முடிவு செய்தோம். சீலா, கீழே வஞ்சிரம், நெய்மீன். காரலுக்கு மட்டும் மீனின் கோட்டுப்படமும் சேர்த்தோம், சொல் தோற்கும் இடத்தில் படம்தான் வழி. நகரத்துப் பெயரையே பெரிதாகப் போட்டால் இன்னும் விற்கும் என்று நான் சொன்னேன். “எங்க கையில வர்றப்ப அது சீலா, உங்க தட்டுல வர்றப்ப வஞ்சிரமா இருந்துட்டுப் போகட்டும்” என்றார் கணக்கு எழுதும் அக்கா. அவர் சொன்னபடியே ஆனது.

பல்லில் கடிபடாத வாசகம்

பெயருக்குக் கீழே ஒரு வரி வேண்டும். நான் முதலில் எழுதியது: ‘பாரம்பரிய முறையில், கடலின் தூய்மை உங்கள் இல்லத்தில்’. இப்போது படித்தால் அது தமிழ் எழுத்தில் இருக்கும் வேறு ஏதோ ஒரு மொழி. அதைவிடப் பெரிய பிழை ‘பாரம்பரிய’. பாரம்பரிய முறை மணலில் காயப்போடுவது. இவர்கள் கஷ்டப்பட்டு விட்டு வந்ததே அதைத்தான். விற்கும் என்று நம்பி அந்தச் சொல்லைப் போட்டிருந்தால், குழுவின் உழைப்பு முழுவதையும் ஒரு சொல்லில் அழித்திருப்பேன். உணவு விளம்பரங்களுக்கான 2018ஆம் ஆண்டு விதிகளும் பாரம்பரியம், இயற்கை, சுத்தம் போன்ற சொற்களை நினைத்தபடி போட விடுவதில்லை, ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை வைத்திருக்கின்றன.

கருவாடு வாங்குகிறவருக்கு நிஜமான பயம் என்ன என்று கேட்டேன். எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். மண். எத்தனை தண்ணீரில் அலசினாலும் குழம்பில் ஒரு வாய் நறநறக்கும். ‘பல்லில் மண் கடிக்காது’ என்று இளையவள் சொன்னாள். அப்படியே வைத்துவிட்டோம். கடைக்காரர்கள் சரக்கை எடுத்துக் கொடுக்கும்போது இந்த வரியைத்தான் வாயால் சொல்கிறார்கள், பெயரைக்கூட அப்புறம்தான் சொல்கிறார்கள்.

இப்போது

வணிகக் குறிக்கு 29ஆம் வகுப்பில் விண்ணப்பித்திருக்கிறோம். பதப்படுத்திய மீன் அந்த வகுப்பில் வருகிறது. தனிநபர், சிறுதொழில் என்றால் இணையத்தில் விண்ணப்பிக்க ரூ.4,500, மற்றவர்களுக்கு ரூ.9,000. பதிவானால் 10 ஆண்டு செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். ‘கருவாடு’ என்ற சொல்லுக்கு நாங்கள் உரிமை கேட்கவில்லை, யாரும் கேட்கவும் முடியாது. எழுத்தின் வடிவத்தோடு முழுப் பெயராகக் கேட்டிருக்கிறோம். தமிழ் எழுத்தில் உள்ள குறிக்கு ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் கொடுக்க வேண்டும் என்பது விதி. வாடிக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடைக்கவில்லை. மீன் இறக்கி, பிரித்து, காயவைத்து, விற்கும் கடற்கரைக் கொட்டகை என்று ஒரு முழு வரி எழுதிக் கொடுத்தோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பச்சை மீன் குறையும்போது கருவாட்டுக்குக் கிராக்கி கூடும். அந்த நேரத்துக்கு லேபிள் தீர்ந்துவிடக்கூடாது என்று அடுத்த கட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. இந்தத் தடவை அச்சகத்துக்கு நான் பேசவில்லை. மூத்த அக்காவே பேசினார், நான் பரணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“சார், எழுதிக்கங்க. வானாவுக்குக் காலு. அப்புறம் டி. அப்புறம் இக்கன்னா, புள்ளியோட. ஆமா, தனியாத்தான் நிக்கும். இருக்கட்டும், எடுக்காதீங்க.”